கேரவனில் பிரேக்கர் விழுந்தால் பெரிய பிரேக்கர் போடுவது தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரவன் என்றாலே சினிமாப் படப்பிடிப்புதான் என்றிருந்த காலம் போய்விட்டது. டெம்போ டிராவலரையோ சிறிய பேருந்தையோ படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, ஏ.சி. ஆகியவற்றுடன் மாற்றிக் கட்டிக்கொண்டு, வார இறுதியில் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போகிறவர்களையும், நடக்க முடியாத பெரியவர்களைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போகிறவர்களையும் இன்று பெங்களூரில் சாதாரணமாகப் பார்க்க முடிகிறது. இவர்களிடமிருந்து நான் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் ஒன்றுதான்: ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டால் பிரேக்கர் (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. அதற்கு இங்கே வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியமும் ஒன்றுதான்: 16 ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றி எறிந்துவிட்டு 25 அல்லது 32 ஆம்பியர் பிரேக்கரை மாட்டிவிடுவது. தொழிற்சாலை ஒன்றின் மின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த வைத்தியம் ஏன் ஆபத்தானது, உண்மையான காரணத்தை எந்த வழியில் தேட வேண்டும், வண்டி கட்டித் தருபவர்களிடம் நாம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பவற்றைத் தங்கள் நாளிதழின் வழியாக வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விழுந்தது எது என்பது. "பிரேக்கர்தான் சார்" என்று சொல்லிவிட்டால் போதாது. ஜெனரேட்டரின் உடம்பிலேயே ஒரு பிரேக்கர் இருக்கும். வண்டிக்குள், மின்சாரத்தைக் கிளைகளாகப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியில், மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று இருக்கும் அல்லது இருக்க வேண்டும். அதற்கு அடுத்து ஏ.சி., கீசர், சமையல் மேடை, விளக்கு எனக் கிளை கிளையாக எம்.சி.பி. எனப்படும் சிறு பிரேக்கர்கள் இருக்கும். இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக விழுகின்றன. ஜெனரேட்டரின் பிரேக்கர் விழுந்தால் மொத்த லோடு, அதாவது சாதனங்கள் சேர்ந்து இழுக்கும் மின்சாரம், கூடிவிட்டது என்று முதலில் சந்தேகப்படலாம். கிளை எம்.சி.பி. விழுந்தால் அந்தக் கிளையில் மட்டும் கோளாறைத் தேட வேண்டும். ஆர்.சி.சி.பி. விழுந்தாலோ லோடு பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது. ஏனென்றால் அந்தக் கருவிக்கு லோடு எவ்வளவு என்று தெரியாது. பேஸ் வழியாகப் போன மின்னோட்டம் நியூட்ரல் வழியாக முழுமையாகத் திரும்பி வருகிறதா என்பதை மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்றால், 15க்கும் 30க்கும் இடையே எந்த அளவு கசிவிலும் அது விழலாம். இவை தவிர, பிரேக்கர் எதுவும் விழாமல் இஞ்சினே இழுக்க முடியாமல் திணறி நின்றுவிடுவதும் உண்டு. அதையும் மக்கள் "டிரிப் ஆகிவிட்டது" என்றே சொல்கிறார்கள். அது பெட்ரோல், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் சம்பந்தப்பட்ட வேறு கதை.

அடுத்து, எப்போது விழுந்தது என்பது. எம்.சி.பி.க்குள் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, சூடேறினால் வளையும் இருவகை உலோகப் பட்டை; மற்றது, மின்னோட்டம் திடீரென்று பல மடங்கு எகிறினால் அந்த நொடியே இழுத்துவிடும் காந்தச் சுருள். சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் 'டப்' என்று விழுந்தால் அது காந்தச் சுருளின் வேலை. ஷார்ட் சர்க்யூட்டையோ கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தையோ அது காட்டுகிறது. இருபது நிமிடம், அரை மணி நேரம் ஓடிய பிறகு விழுந்தால் அது பட்டையின் வேலை. தொடர்ந்து ஓடும் லோடு சற்றே அதிகம், அல்லது பிரேக்கருக்குள்ளேயோ அருகிலோ சூடு தேங்குகிறது என்று பொருள். நல்ல தரமான 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது. 23 ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இது தர விதி. ஆகவே "16 ஆம்பியர் பிரேக்கர் 17 ஆம்பியரில் விழவில்லையே, கெட்டுப்போய்விட்டதோ" என்று பயப்படுவதும் தவறு. 12 ஆம்பியரில் அடிக்கடி விழும் பிரேக்கரை நல்ல பிரேக்கர் என்று நம்புவதும் தவறு.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நடைமுறையில் யாரும் கேட்பதில்லை. என் பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர் ஒரு வண்டியைக் கட்டி முடித்து, கொடைக்கானலுக்குப் புறப்படுவதற்கு முன்பு அல்சூரில் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடன் வந்த எலக்ட்ரீஷியன் இளைஞர், "எம்.சி.பி. வீக் ஆயிடுச்சு சார், முப்பத்திரண்டு போட்டுட்டேன், இப்ப நிக்குது" என்றார். நின்றது உண்மைதான். முன் இருக்கைக்குக் கீழே இருந்த டி.பி. பெட்டியின் மூடியைத் திறந்தபோது, நியூட்ரல் ஒயர்கள் வந்து சேரும் கட்டையின் ஓரத்தில் பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த இடத்தில் இறுகியிருக்க வேண்டிய ஒரு திருகை, ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு ஸ்குரூடிரைவரால் தொட்டேன். பிடிமானமே இல்லாமல் அரைச் சுற்று சுற்றியது. பல இழைகள் கொண்ட ஒயரை லக் எனப்படும் உலோக நுனியைப் போடாமல் அப்படியே முறுக்கிச் சொருகியிருந்தார்கள்; அவற்றில் சில இழைகள் திருகுக்கு வெளியே மீசைபோல் நீட்டிக்கொண்டிருந்தன. பழைய பிரேக்கர் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்றேன். தளர்ந்த இணைப்பில் பிறக்கும் சூடு, பக்கத்தில் இருக்கும் பிரேக்கரின் பட்டையை வளைத்துவிடும். அந்தச் சூட்டைப் பார்த்து எச்சரித்த பிரேக்கரைக் கழற்றிவிட்டு, சூடு அப்படியே இருக்க, எச்சரிக்காத பிரேக்கரை மாட்டியிருந்தார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை என்பது இதுதான்.

வீட்டில் ஒருமுறை இறுக்கிய திருகு பல ஆண்டுகள் அசையாமல் இருக்கும். வண்டியில் அப்படியல்ல. ஓசூர் சாலையின் வேகத்தடைகளும், மலைப்பாதை வளைவுகளும், டீசல் இஞ்சினின் அதிர்வும் சேர்ந்து ஒவ்வொரு திருகையும் மெல்ல மெல்லத் தளர்த்திக்கொண்டே இருக்கும். ஆகவே இழை ஒயர்களின் நுனியில் லக் பொருத்தி கிரிம்ப் செய்வதும் (நசுக்கி இறுக்குவதும்), நீண்ட பயணத்துக்கு முன்னும் பின்னும் எல்லா மின்சாரத்தையும் துண்டித்துவிட்டுத் திருகுகளை இறுக்கிப் பார்ப்பதும் கேரவனுக்கு அத்தியாவசியம். வெயிலில் நிறுத்திய வண்டியின் மூடிய பெட்டிக்குள் 50 டிகிரி வெப்பம் சாதாரணமாக வரும். பிரேக்கர்களின் அளவு 30 டிகிரியைக் கணக்கில் வைத்தே குறிக்கப்படுவதால், அந்தச் சூட்டில் அவை எழுதியிருப்பதைவிடக் குறைந்த மின்னோட்டத்திலேயே விழுந்துவிடும். மாலையில் ஒழுங்காக ஓடும் ஏ.சி. மதியம் மட்டும் பிரேக்கரை விழவைக்கிறது என்றால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அத்தகைய இடத்தில் பெட்டிக்குக் காற்றோட்டம் தருவதுதான் பரிகாரம்.

இனி லோடு கணக்கு. ஜெனரேட்டர் வாங்கும்போது கடையில் சொல்லும் எண்ணுக்கும், அது தொடர்ந்து தரக்கூடிய அளவுக்கும் வித்தியாசம் உண்டு. பெயர்ப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. தொடர் அளவு 3 கே.வி.ஏ. என்றே வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர். ஒரு டன் சாதாரண ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 5 ஆம்பியர் எடுக்கும். 1500 வாட் மின்கெட்டில் 6.5 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 11.5 ஆம்பியர், ஜெனரேட்டருக்குள் அடங்கிவிடுகிறதே என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் எப்போதும் விடுபட்டுப்போவது பேட்டரி சார்ஜர். இரவெல்லாம் விளக்கு, மின்விசிறி, கைப்பேசி எல்லாம் ஓடி பேட்டரி வற்றிக் கிடக்கும். காலையில் ஜெனரேட்டரைக் கிளப்பியதும் சார்ஜர் தன் முழு பலத்தோடு இழுக்கத் தொடங்கும். 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் தரும் சார்ஜர், 230 வோல்ட் பக்கம் 3 ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். யாரும் அதற்குச் சுவிட்ச் போடுவதில்லை. அது தானாக ஓடும். அதனால்தான் "நேற்று மாலை கெட்டிலும் ஏ.சி.யும் சேர்ந்து ஓடினவே, இன்று காலை மட்டும் ஏன் விழுகிறது" என்று குழம்புகிறார்கள். மாலையில் பேட்டரி நிரம்பியிருந்தது, காலையில் வற்றியிருந்தது. அவ்வளவுதான். கெட்டிலுக்குப் பதிலாக 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் சார்ஜர் இல்லாமலேயே கணக்கு உதைக்கும். கேரவனில் காபி போடுவதற்கு எரிவாயு அடுப்பே உத்தமம் என்பது என் சொந்தக் கருத்து. அதற்கான பாதுகாப்பு ஏற்பாடுகள் வேறு.

ஏ.சி. கிளம்பும் நேரம் தனிப் பிரச்சினை. இன்வெர்ட்டர் வகை அல்லாத கம்ப்ரசர், கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஓடிக்கொண்டிருந்த ஏ.சி.யை நிறுத்தி உடனே மறுபடி போட்டால், உள்ளே வாயுவின் அழுத்தம் சமமாகாத நிலையில் கம்ப்ரசர் சுற்ற முடியாமல் நின்றபடியே இழுக்கும். மூன்று நிமிடமாவது இடைவெளி விட வேண்டும் என்பது இதனால்தான். பிரேக்கர் விழுந்தவுடன் ஆத்திரத்தில் மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவது, இதே தவற்றைத் திரும்பச் செய்வதாகும். ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஜெனரேட்டர் சீராக ஓடத் தொடங்கிய பிறகு, மற்ற லோடுகள் எதுவும் இல்லாத நிலையில் ஏ.சி.யை முதலில் கிளப்பி, பிறகு மற்றவற்றைப் போடுவதே சரியான வரிசை. புதிதாக வண்டி கட்டுகிறவர்கள் இன்வெர்ட்டர் ஏ.சி.யைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், சிறிய பெட்ரோல் இஞ்சினின் பலம் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3.5 சதவீதம் வீதம் குறைகிறது. பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கேயே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 2200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். இங்கே சோதித்துப் பார்த்து "எல்லாம் ஓடுகிறது" என்று புறப்பட்டவர்கள், அங்கே போய் கீசரைப் போட்டதும் ஜெனரேட்டர் முனகுவதைக் கேட்பார்கள். ஊட்டிக் குளிரில் ஏ.சி. தேவைப்படாதுதான், ஆனால் 2000 வாட் கீசரும் அறைச் சூடேற்றியும் சேர்ந்தால் ஏ.சி.யைவிட அதிகம். இஞ்சின் திணறும்போது வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் கீழே இறங்கி, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும், மின்னழுத்தமும் தாழும். மின்னழுத்தம் தாழ்ந்தால் மோட்டார்கள் அதே வேலையைச் செய்ய அதிக ஆம்பியர் இழுக்கும். அதனால் பிரேக்கர் விழும். அதற்குப் பிரேக்கரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இப்போது பெரிய பிரேக்கர் போடுவதன் ஆபத்துக்கு வருகிறேன். ஒயர் சூடாகிக் கருகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 16 ஆம்பியருக்கென்று இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பலகைக்கும் பஞ்சு மெத்தைக்கும் நடுவே 32 ஆம்பியரைச் சுமந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அதைவிடக் கவனிக்கப்படாத விஷயம் ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் மின்வாரிய இணைப்பில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், எந்த எம்.சி.பி.யும் அந்த நொடியே விழுந்துவிடும். சிறிய ஜெனரேட்டரால் அவ்வளவு மின்னோட்டத்தைத் தரவே முடியாது. ஷார்ட் ஆனால் அதன் மின்னழுத்தம் சரிந்துவிடும். மின்னோட்டம் தன் அளவைப்போலச் சில மடங்குக்கு மேல் போகாது. எத்தனை மடங்கு மின்னோட்டத்தில் காந்தச் சுருள் இழுக்கும் என்பதைக் குறிக்கவே எம்.சி.பி.க்களுக்கு பி, சி என்று வகைகள் உள்ளன. சி வகை 32 ஆம்பியர் பிரேக்கரின் காந்தச் சுருள் வேலை செய்ய 160 முதல் 320 ஆம்பியர் வரை வேண்டும். 13 ஆம்பியர் ஜெனரேட்டருக்குப் பின்னால் அப்படி ஒரு பிரேக்கரை மாட்டுவது, பாதுகாப்பே இல்லாத இரும்புத் துண்டை மாட்டுவதற்குச் சமம். சி வகை 16 ஆம்பியருக்கே 80 ஆம்பியராவது வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் கேரவனில் பி வகை எம்.சி.பி.யை யோசிப்பது இதனால்தான். அது மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே இழுத்துவிடும். ஜெனரேட்டரின் உடம்பில் இருக்கும் பிரேக்கரைக் கழற்றி நேரடியாக இணைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. கசப்பான உண்மை என்னவென்றால், பெங்களூரின் எஸ்.பி. சாலையில் எந்த மின்சாதனக் கடையில் கேட்டாலும் எத்தனை ஆம்பியர் என்றுதான் கேட்பார்கள். எந்த வகை என்று கேட்பவர் அபூர்வம்.

ஆர்.சி.சி.பி. விழும் வண்டிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்கிறது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடந்த கீசரின் சூடேற்றும் குழாய்க்குள் இருக்கும் பொடி, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முதல் நாள் கீசரைப் போட்டதும் கசிவு ஏற்பட்டு ஆர்.சி.சி.பி. விழும். மழை பெய்த மறுநாள் விழுந்தால், வண்டியின் வெளிப்புறத்தில் இருக்கும் மின் உள்ளீட்டுப் பிளக்கில் தண்ணீர் புகுந்ததா என்று பார்க்க வேண்டும். தரைப் பலகையை அடிக்கும்போது ஒயர் மேல் இறங்கிய திருகு, சேஸிஸில் உரசும் நியூட்ரல், கதவிடுக்கில் நசுங்கிய கேபிள் ஆகியவையும் வழக்கமான காரணங்கள்தான்.

இதைத் தேடும்போது பெரும்பாலோர் ஒரு பொறியில் சிக்குகிறார்கள். எல்லாக் கிளை எம்.சி.பி.க்களையும் கீழே இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது நல்ல வழிதான். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு இருந்தால் இதில் பிடிபட்டுவிடும். ஆனால் ஒற்றைத் துருவ எம்.சி.பி. பேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். கீசர் கிளையில் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருந்தால், கீசர் எம்.சி.பி.யை இறக்கிவைத்த பிறகும், வேறு ஏதோ ஒரு விளக்கைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழும். விளக்கைக் குற்றம் சொல்லி விளக்கை மாற்றுவார்கள். பிறகு விசிறியை மாற்றுவார்கள். ஜெனரேட்டரை நிறுத்தி, வெளி இணைப்பையும் கழற்றி, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பிளக்குகளை எல்லாம் பிடுங்கி, ஒவ்வொரு கிளையின் நியூட்ரலையும் கட்டையிலிருந்து தனித்தனியே எடுத்து எர்த்துடன் மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவியால்) சோதித்தால்தான் உண்மையான குற்றவாளி அகப்படும். இது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. வண்டி உரிமையாளர் தன் கையால் செய்யக் கூடியதல்ல. ஆனால் இப்படிச் செய்யச் சொல்லிக் கேட்பதற்கு உரிமையாளருக்கு உரிமை உண்டு.

நியூட்ரலும் எர்த்தும் எங்கே இணைய வேண்டும் என்பதில்தான் நம் ஊர் வண்டிகளில் மிகப் பெரிய குளறுபடி இருக்கிறது. லாட்ஜிலோ உறவினர் வீட்டிலோ வெளி மின்சாரத்தை எடுக்கும்போது, அந்த மின்சாரத்தின் நியூட்ரல் அதன் மூலத்திலேயே எர்த்துடன் இணைந்திருக்கும். ஆகவே வண்டிக்குள் மறுபடி இணைக்கக் கூடாது. ஜெனரேட்டரில் ஓடும்போது அதுவே மூலம் என்பதால், அதன் நியூட்ரலை அதன் உடம்புடனும் வண்டியின் சேஸிஸுடனும் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால், ஒரே ஓர் இடத்தில் இணைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இருதுருவ வகையாக இருக்க வேண்டும். பேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடுகிற சிக்கனம் இங்கே உதவாது. வெளி மின்சாரத்தில் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறது, ஜெனரேட்டரில் விழவில்லை என்றால், வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கின்றன, ஜெனரேட்டரின் நியூட்ரலோ எதனுடனும் இணையாமல் மிதக்கிறது என்று ஊகிக்கலாம். அதைக் கேட்டு, "அப்படியென்றால் ஜெனரேட்டரில் பிரச்சினை இல்லை" என்று நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் பிரச்சினை அங்கேதான் பெரிது. மிதக்கும் நியூட்ரலில் பேஸ் ஒயர் வண்டியின் உடம்பில் பட்டாலும் மின்னோட்டம் ஆர்.சி.சி.பி.க்கு வெளியே திரும்பிப் போக வழி இல்லாததால், அது எதையும் கண்டுகொள்ளாது.

ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுந்துவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. அந்தப் பொத்தான் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு சிறு மின்தடையை வைத்துக் கருவியின் உள் உறுப்புகளை மட்டும் சோதிக்கிறது. எர்த் ஒயர் அறுந்திருந்தாலும், நியூட்ரல் மிதந்தாலும் பொத்தானை அழுத்தினால் அது அழகாக விழும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்துங்கள், நல்லதுதான். ஆனால் எர்த் இணைப்பைத் தனியாகச் சோதிக்காமல் அந்த 'டக்' ஒலியை நம்பிப் படுத்துவிடாதீர்கள்.

வெளி மின்சாரத்துக்கு எடுத்துப் போகும் எக்ஸ்டென்ஷன் கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 13 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 11 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கிராமத்து மின்சாரம் 200 வோல்ட்டுக்குத் தவித்துக்கொண்டிருக்கும் மாலை நேரத்தில் இந்த 11 வோல்ட் பெரிய இழப்பு. கேபிளை உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் உள்சுற்றுகள் வெந்துவிடும். முழுவதும் பிரித்துப் போட வேண்டும்.

பிரேக்கரைப் பற்றிய கடிதத்தில் இதைச் சொல்வது பொருத்தமா என்று யோசித்தேன். சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றுகிறது. பண்டிப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணிக்கு மூடப்படுவதால், தாமதமாகப் புறப்பட்டவர்கள் குண்டலுப்பேட்டைப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, ஜெனரேட்டரையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு உறங்குகிறார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. எந்த பிரேக்கரும் அதற்காக விழாது. பிரேக்கர் விழாமல் ஜெனரேட்டர் இரவு முழுவதும் ஓட வேண்டும் என்று பாடுபடுகிறவர்கள், அதன் புகைக்குழாய் எங்கே முடிகிறது, கேபிள் நுழையும் ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா, உள்ளே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்பதையும் அதே அக்கறையுடன் பார்க்க வேண்டும்.

வண்டி கட்டித் தருபவர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும் என் வேண்டுகோள் சிக்கலானதல்ல. மோட்டார் கேரவன்களுக்கென்று நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 124 என்ற தர ஆவணமும், எர்த் இணைப்புக்கு ஐ.எஸ். 3043 என்ற நடைமுறைக் குறிப்பும் உள்ளன. அப்படியிருந்தும், மெத்தைத் துணியின் நிறத்துக்கு மூன்று மாதிரிகள் காட்டுகிறவர்கள், மின்சுற்று வரைபடம் எங்கே என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். லட்சக்கணக்கில் பணம் வாங்கும் வேலைக்கு, டி.பி. பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுவது பெரிய செலவல்ல. அந்தத் தாளில் எந்த பிரேக்கர் எந்தக் கிளைக்கு, அதன் வகையும் ஆம்பியரும் என்ன, ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், நியூட்ரலும் எர்த்தும் எங்கே இணைக்கப்பட்டுள்ளன, ஜெனரேட்டரின் தொடர் அளவு என்ன, எவற்றை ஒரே சமயத்தில் போடலாம் என்பவை கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். நடு வழியில் உதவிக்கு வருபவர் தருமபுரிக்காரராகவும் இருக்கலாம், சாமராஜநகர்க்காரராகவும் இருக்கலாம். வண்டியை ஒப்படைக்கும் நாளில் ஏ.சி., கீசர், சார்ஜர் ஒவ்வொன்றும் எடுக்கும் ஆம்பியரை, ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் உரிமையாளர் கண்ணெதிரே காட்டி, மெகர் அளவையும் எர்த் சோதனை முடிவையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்களும் முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தாளைக் காட்டச் சொல்ல வேண்டும். வண்டிகளைத் தகுதிச் சான்றுக்காகப் பார்வையிடும் அதிகாரிகள் விளக்கையும் பிரேக்கையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், டி.பி. பெட்டியின் மூடியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர் வண்டியில் இருந்த 32 ஆம்பியர் பிரேக்கர் கழற்றப்பட்டு, லக் பொருத்திய ஒயர்களுடன் 16 ஆம்பியர் பி வகை மாட்டப்பட்டது. காலையில் சார்ஜர் ஓடும் நேரத்தில் கெட்டிலைத் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். சார்ஜருக்குத் தனிச் சுவிட்ச் ஒன்று வைப்பதற்கு அந்த எலக்ட்ரீஷியன் இளைஞரே முன்வந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
அல்சூர், பெங்களூரு – 8